கணினி பேசாதிருக்கும் நேரம்

ஓய்வு பெற்ற பிறகும் கனவில் எனக்கு நீலத்திரைதான் வருகிறது. மற்றவர்களுக்குக் கோயில் வரும், கடல் வரும், செத்துப்போன சொந்தக்காரர் வருவார்கள். எனக்கு வருவது "அப்டேற் நடக்கிறது, கணினியை நிறுத்த வேண்டாம்" என்ற எழுத்தும் அதன் கீழே மெல்ல மெல்ல ஏறும் நூற்றுவீதமும். கனவில் அது எங்கேயாவது நடுவில் நிற்கும். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். வெளியே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழும்பிப் போனால் அது குழம்பிவிடுமோ என்ற பயத்தில் அசையமாட்டேன். கண் விழித்தால் கரவெட்டி வீட்டில் பின்னேர வெயில் யன்னலால் வந்து காலடியில் கிடக்கும். "திரும்பவும் கந்தோருக்குப் போட்டு வந்தீங்களோ?" என்று மனிசி சிரிப்பாள்.

அப்படியொரு பின்னேரம்தான் நிரோஷா போன் எடுத்தாள். என் கதிரையில் இப்போது இருப்பவள் அவள். கெட்டிக்காரி, ஆனால் பகிடி விளங்காது.

"சேர், நித்திரையோ?"

"இல்லைப் பிள்ளை. அப்டேற் முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"வீட்டிலையும் மெசின் வைச்சிருக்கிறீங்களோ சேர்?" என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். எல்லாக் கிளைகளின் கணினிகளையும் புது இயங்குதளத்துக்கு மாற்றுகிறார்கள். எங்கள் காலம் போல ஒரு கணினியில் எல்லாவற்றையும் போட்டு, அதை அப்படியே படியெடுத்து மற்றவற்றில் இறக்கும் 'இமேஜ்' வேலை இப்போது இல்லையாம். கணினி பெட்டியால் வெளியே வந்து, இன்ரர்நெற்றில் இருந்து தனக்குத் தேவையானதைத் தானே இறக்கிக்கொள்ளுமாம்.

"பழைய இமேஜுக்குள்ளை ஒரு ஒலிக்கோப்பு கிடக்கு சேர். ஆரோ ஒரு ஐயா கதைக்கிறார். எல்லா மெசினிலையும் இருக்கு. புது முறையிலை அதைத் தனியா ஏத்தவேணும். தேவையில்லையெண்டால் விட்டிடலாம். யசிந்தா அக்காவுக்கெண்டு போட்டதாம் எண்டு சொல்லிச்சினம். அவவைக் கேட்டன்."

"என்ன சொன்னவ?"

"'எனக்கு இப்ப தேவையில்லைத் தங்கச்சி, புது மெசின் தானாச் சொல்லுது. எடுக்கிறதெண்டால் எல்லாத்திலையும் எடுங்கோ, வைக்கிறதெண்டால் எல்லாத்திலையும் வையுங்கோ. என்ரை மெசினிலை மட்டும் வைக்கவேண்டாம், சேருக்குப் பிடிக்காது' எண்டவ. எந்தச் சேருக்கு எண்டு கேக்க முதல் போனை வைச்சிட்டா. நான் என்ன செய்யிறது?"

"நேரம் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் கூட்டி இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் வேலை செய்தது ஒரு விவசாயக் கூட்டுறவு அமைப்பில். பெயர் இங்கே வேண்டாம். தலைமைக் கந்தோர் பட்டினத்தில். சண்டிலிப்பாய், உடுவில், கரவெட்டி என்று ஊர் ஊராகக் கிளைகள். நான் கொழும்பில் ஒரு படிப்புப் படித்துவிட்டு வந்து சேர்ந்தபோது ஒவ்வொரு கிளைக் கணினியும் ஒவ்வொரு சாதி. ஒன்றில் கலியாண வீடியோ நிறைந்திருக்கும். ஒன்றில் சாதகம் கணிக்கிற மென்பொருள் இருக்கும், பின்னேரத்தில் கிளைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான் வருவார்கள். ஒரு பென் டிரைவில் வந்த வைரஸ் எல்லாக் கிளையையும் படுக்க வைத்தபோதுதான் குலசிங்கம் சேரை எங்கள் பகுதிக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

குலசிங்கம் சேரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மெலிந்த மனிதர், நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சேட்டு. சேர்வர் அறைக்குள் செருப்போடு போகமாட்டார், எங்களையும் விடமாட்டார். தூசிக்காக என்று சொல்வார். ஆனால் கழற்றி வைக்கும் விதத்தைப் பார்த்தால் தூசிக்காக மட்டும் என்று தோன்றாது. மவுஸைத் தொடுமுன் சட்டைப்பையில் இருந்து லேஞ்சியை எடுத்துக் கை துடைப்பார். கோபம் வந்தால் குரல் தணியும். எழுத்துத் தமிழில்தான் கதைப்பார், அதுவும் போனில் என்றால் வானொலிச் செய்தி கேட்பது போல இருக்கும். "பிழை" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "மறுபடியும் பாரும், யோகன்" என்பார். அந்த 'மறுபடியும்' என்ற சொல்லுக்கு நான் பயந்த அளவுக்கு வேறெதற்கும் பயந்ததில்லை.

அவருக்கு இரண்டு சட்டங்கள். எந்தப் புது இமேஜும், எந்த அப்டேற்றும் முதலில் அவருடைய கணினியில்தான் இறங்க வேண்டும். "கெட்டுப்போவதென்றால் முதலில் என்னுடையது கெடட்டும்" என்பார். மற்றது, எல்லாக் கணினியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைவரின் கணினிக்கும் சரி, வாசலில் ரோக்கன் கொடுக்கும் கணினிக்கும் சரி, ஒரே இமேஜ், ஒரே விதி. அப்டேற் வருமுன் திரையில் எழும்பும் எச்சரிக்கைப் பெட்டிகளையும் அவர்தான் எல்லாக் கணினியிலும் மறைத்து வைத்தார். அந்தப் பெட்டி எழும்பினால் சனம் பயந்து கிளை கிளையாகப் போன் எடுக்கும், ஒரு காலை நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். மறைத்த பிறகு எங்கள் போன் அமைதியாகக் கிடந்தது. அது நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கந்தோரைப் பூட்டிக்கொண்டு போகும்போது சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையும் சுவரில் இருந்து கழற்றவேண்டும். மாரியில் இடி விழுந்து ரீவி எரிந்த வீடு ஊருக்கு ஒன்று இருக்கும். கரண்ட் போய் வந்து, வந்து போய் எரித்த வீடுகளும் இருக்கும். சண்டிலிப்பாய்க் கிளையில் வேலை முடிந்ததும் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பிளக் கழற்றுவார்கள். அதனால் கந்தோர் முடிந்தபின் இறங்கட்டும் என்று நாங்கள் அனுப்பும் அப்டேற், ஆளில்லாத வீட்டுக்கு வந்த தபால் போலக் காத்துக் கிடந்து, காலையில் பிளக் கொழுவியதும் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இறங்கும். கணினி சொல்லாமல் கொள்ளாமல் தன்னைத்தானே நிறுத்தித் திரும்ப எழும்பும். நீலத்திரை வரும். சனம் அதை வாசித்துவிட்டு எழும்பிப் போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டு வரும். அவ்வளவுதான்.

அந்தக் கிளைக்குத்தான் யசிந்தா வந்தாள். குருநகர்ப் பிள்ளை, தகப்பன் கடலுக்குப் போகிறவர். கண் தெரியாது. சின்ன வயதிலேயே போய்விட்டதாம். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை அவளுக்காக இமேஜுக்குள் சேர்த்தோம். எல்லாருக்கும் ஒரே இமேஜ் என்பதால் அது எல்லாக் கணினியிலும் போனது, அவள் மட்டும் பாவித்தாள். அங்கத்தவர் கேட்கும் விவரத்தைத் தேடிப் போனில் சொல்வதும் கடிதம் அடிப்பதும் அவளுடைய வேலை. கிளைக்கு அலுவலாக வரும் புகையிலைக்காரர் எழுப்பும் சத்தத்துக்குள் இருந்துகொண்டு, காதில் ஒரு பக்கம் கணினியும் மறுபக்கம் போனுமாக அவள் கதைப்பதைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது.

அவளுடைய கணினி மாதத்துக்கு ஒருமுறையாவது செத்தது. எழும்பாது, அல்லது எழும்பி எழும்பி விழும். நான் அதைப் பட்டினத்துக்குக் கொண்டுவந்து திரும்ப இமேஜ் இறக்குவேன். என் அறையில் தங்கம் போல வேலை செய்யும். சண்டிலிப்பாய்க்குப் போனால் கொஞ்ச நாளில் மறுபடியும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினேன். நினைவகத்தை மாற்றினேன். வயரையும் மாற்றினேன். கணினி தானே எழுதி வைக்கும் பதிவுகளைத் திறந்தால் ஒரே வரிதான்: எதிர்பாராமல் மின்சாரம் நின்றது. சரி, கரண்ட்தான் என்று, கரண்ட் போனாலும் கணினியை நிற்கவிடாத யூபிஎஸ் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகும் செத்தது. "மறுபடியும் பாரும், யோகன்."

கிளை மனேச்சர் பரமலிங்கம் கெட்ட மனிதரில்லை, அவசரக்காரர். யசிந்தா நிரந்தரமாகாத ஆள், தகுதிகாண் காலம் முடிய இருந்தது. பரமலிங்கம் தலைமைக் கந்தோருக்குக் கடிதம் போட்டுவிட்டார். மற்ற எந்தக் கணினிக்கும் இல்லாத வியாதி இந்தக் கணினிக்கு மட்டும் வருகிறது, பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் இந்த வேலைக்கு ஏலாது என்று. அந்த மாத முடிவில் கூட்டம். அதில் தீர்மானித்தால் அவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இன்னொரு இடத்தில் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போகிறவர் யார்?

கூட்டத்துக்கு முன் ஒருநாள் காலையில் நான் சண்டிலிப்பாய்க்குப் போனேன். அவளுடைய மேசைக்கு உட்பக்கம் இன்னொரு கதிரை போட இடமில்லை. முன்பக்கத்தில், புகையிலைக்காரர் வந்து இருக்கும் நீள மர வாங்கில் இருந்தேன். எனக்குத் தெரிந்தது கணினித் திரையின் முதுகு மட்டும். அவள் வேலை செய்துகொண்டே கதைத்தாள்.

"யோகண்ணை, கூட்டத்திலை என்ன சொல்லுவினம்?"

"அதை விடுங்கோ தங்கச்சி. மெசினைப் பிடிப்பம் முதல்லை."

"அம்மா புனித அந்தோனியாருக்கு நேர்ந்து வைச்சிருக்கிறா. உங்களுக்கும் சேத்து" என்று சிரித்தாள்.

அப்போது அவளுடைய காதுக்குள் இருந்த குரல் நடுச்சொல்லில் நின்றது. அவள் முகத்தில் அது தெரிந்தது. கதைத்துக்கொண்டிருந்தவர் சொல்லாமல் எழும்பிப் போனால் எப்படி இருக்கும், அப்படி. சாவியைத் தட்டினாள். இன்னொன்றைத் தட்டினாள். தலையைச் சரித்துக் கேட்டாள். வெளியே யாரோ சைக்கிளை மதிலோடு சாத்தினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்தாள், உண்மையாகவே பொறுத்தாள். பிறகு அவளுடைய கை மேசைக்குக் கீழே, யூபிஎஸ்ஸில் கொழுவியிருந்த பிளக்குக்குப் போனது.

"என்ன செய்யிறீங்கள்?"

"செத்துப்போச்சு அண்ணை. கழட்டிக் கொழுவுறன்."

நான் எழும்பி மேசையைச் சுற்றி ஓடினேன். திரை முழுக்க நீலம். கணினியை நிறுத்த வேண்டாம் என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. அதை வாசித்துச் சொல்ல அந்த நேரத்தில் மென்பொருள் இன்னும் எழும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்த இலக்கம், நான் பார்த்துக்கொண்டிருக்கவே அணைந்தது.

"ஒவ்வொரு முறையும் உப்பிடித்தான் செய்யிறனீங்களோ?"

"ஓம். நிண்டால் பிளக்கைக் கழட்டிக் கொழுவுங்கோ எண்டு நீங்கள்தானே போனிலை எல்லாருக்கும் சொல்லுறனீங்கள்?"

சொன்னேன்தான். குடாநாடு முழுக்க நான் படிப்பித்த பாடம் அது. இவ்வளவு நாளும் நான் வந்து பார்த்தபோதெல்லாம் திரைப்பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். நீலத்தைக் கண்டதும் நான் பொறுத்தேன், அதனால் எனக்கு முன்னால் அது ஒருநாளும் சாகவில்லை. அவளைப் போலத் திரை தெரியாமல் அதற்கு முன் ஒரு தரமாவது நான் இருக்கவில்லை. அந்த வாங்கில் திரும்ப வந்து இருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் கண்ணைத் துடைத்து மூக்கை உறிஞ்சினேன். "என்னண்ணை, தடிமனோ?" என்று கேட்டாள்.

பட்டினத்துக்கு வந்து சேருக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "அவவின்ரை மெசினுக்கு மட்டும் மறைச்சு வைச்ச எச்சரிக்கையைத் திறந்து விடுவம் சேர், மெசின் அதை வாசிச்சுச் சொல்லும். தானா நிண்டு எழும்பிறதையும் நிப்பாட்டி விடுவம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு கணினிக்கு ஒரு சட்டமா, யோகன்?"

"அவவுக்குக் கண் தெரியாது சேர்."

"அது எனக்குத் தெரியும். நாளை நீர் போய்விடுவீர், நானும் போய்விடுவேன். இந்த விதிவிலக்கை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அடுத்த இமேஜில் அது காணாமல் போகும். அன்றைக்கு அந்தப் பிள்ளை யாரிடம் போகும்? மறுபடியும் யோசியும்."

எனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். சிவந்த காதோடு வெளியே வந்து, கல்லோடு கதைத்தாலும் பலன் இருக்கும் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். சேர் சொன்னதில் இருந்த நியாயம் அன்றைக்கு என் காதில் ஏறவில்லை, 'இல்லை' மட்டும்தான் ஏறியது.

அடுத்த நாள் சேர் காலையில் இருந்தே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. பின்னேரம் போனால், சேர்வர் அறைக்கு வெளியே மட்டும் கழற்றுகிற அந்தச் செருப்பு அன்றைக்கு அவருடைய அறை வாசலில் கிடந்தது. தட்டிவிட்டு உள்ளே போனேன். திரை அணைந்திருந்தது. அவர் காதில் ஹெட்போனோடு கண்ணை மூடி நிமிர்ந்து இருந்தார். யன்னல் வெயில் மேசையில் விழுந்து அவருடைய விரல்களில் ஏறியிருந்தது. அந்த அறையில் நேரம் ஓடவில்லை என்று எனக்குத் தோன்றியது.

"யோகனா?"

"ஓம் சேர்."

"காலை தொடக்கம் திரையை அணைத்துவிட்டு வேலை செய்து பார்த்தேன். அப்டேற்றையும் என் கணினிக்கு நானே அனுப்பினேன். வரும் என்று தெரியும். வந்தது என்றும் தெரியும்." ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படியிருந்தும் நானும் பிளக்கைக் கழற்றிவிட்டேன், யோகன்."

பிறகு கண்ணைத் திறந்தார். "அவளுக்கு மட்டும் என்று ஒன்றும் வேண்டாம். எல்லாக் கணினியும் நிற்குமுன் சொல்லிவிட்டு நிற்கட்டும். எழும்பியதும் சொல்லட்டும். எல்லாக் கணினியும். இமேஜுக்குள்ளேயே போடும்."

அதைச் சொல்லும் குரல் யாருடையது என்று கேட்டேன். "என்னுடையதுதான். முதலில் என்னுடையது" என்றார். அன்றைக்கே பதிந்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். காகம் கத்தியதால் ஒருமுறை, அவர் தொண்டையைச் செருமியதால் பலமுறை திரும்பப் பதிந்தோம். கடைசியில் "நன்றி, வணக்கம்" என்று வேறு சொன்னார். அதை நான் பிறகு வெட்டிவிட்டேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

"இந்தக் கணினி இப்போது சற்று நேரம் பேசாது. உள்ளே வேலை நடக்கிறது. பிளக்கைக் கழற்ற வேண்டாம். முடிந்ததும் கூப்பிடுகிறேன்."

எழும்பியதும்: "முடிந்தது. வாருங்கள்."

அடுத்த அப்டேற் இறங்கிய காலையில் எல்லாக் கிளையிலும் ஒரே அமளி. சேர் பின்னால் வந்து நிற்கிறார் என்று நினைத்துக் கரவெட்டியில் எல்லாரும் எழும்பி நின்றார்களாம். உடுவிலில் ஒருவர் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்ப ஓடினாராம். நான் சண்டிலிப்பாயில், அதே வாங்கில் இருந்தேன். பரமலிங்கமும் வந்து நின்றார்.

குரல் வந்தது. யசிந்தா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் மேசை விளிம்பில் வைத்தாள். பிறகு எல்லாம் அமைதி. அறையில் இருந்த மற்றக் கணினிகளும் ஒவ்வொன்றாக அடங்கின. தோட்டத்தில் இறைப்பு மெசின் ஓடும் சத்தம் கேட்டது. அதுவரை அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், நாங்கள் கேட்கவில்லை. பரமலிங்கம் தேநீர்க் கோப்பையில் கரண்டியைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவளுடைய முகத்தில் பயம் இல்லை. கோயிலில் திரை மூடியிருக்கும்போது சனம் நிற்பது போல நாங்கள் எல்லாரும் நின்றோம்.

"முடிந்தது. வாருங்கள்."

"வாறன் சேர்" என்றாள் யசிந்தா. அறை முழுக்கச் சிரித்தது. பரமலிங்கம் தான் போட்ட கடிதத்தை அந்தக் கிழமையே தானே போய்த் திருப்பி எடுத்தார். கூட்டத்தில் அவளை நிரந்தரமாக்கினார்கள். அதன் பிறகு எந்த அப்டேற் முடிந்தாலும் அவள் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. இதைக் கேள்விப்பட்டபோது சேர் லேஞ்சியை எடுத்துக் கை துடைத்தார்.

நிரோஷாவுக்கு இன்னும் ஒன்று சொன்னேன். சேர் ஓய்வு பெற்றுச் சில காலத்தில் காலமானார். செத்தவீட்டுக்கு யசிந்தா வந்தாள், நான்தான் பஸ்ராண்டில் இருந்து கூட்டிப்போனேன். பெட்டியடியில் விடச் சொன்னாள். இரண்டு உள்ளங்கையையும் பெட்டியின் விளிம்பில் வைத்தாள். பெண்கள் அழுது ஓய்ந்திருந்த நேரம். அவள் அழவில்லை, தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், ஆனால் ஒருவரும் அவளை நகரச் சொல்லவில்லை.

பிறகு கையை எடுத்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "வாறன் சேர்."

செத்தவீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. பேசாமல் எழும்பிப் போவதுதான் எங்கள் முறை. சேரின் தங்கச்சி திடுக்கிட்டு, "பிள்ளை, இஞ்சை வாறன் எண்டு சொல்லக்கூடாது" என்றார். நான் யசிந்தாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது போனில் சத்தமே இல்லை. முன்பென்றால் லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டுத் திரும்ப எடுத்திருப்பேன். வைக்கவில்லை. காதோடு பிடித்துக்கொண்டு இருந்தேன். வெயில் காலடியை விட்டுச் சுவருக்கு ஏறியிருந்தது. உள்ளே மனிசி ஏதோ பாத்திரம் கழுவினாள்.

"சேர்" என்றாள் நிரோஷா, கனநேரத்துக்குப் பிறகு. "போடுறன் சேர். எல்லா மெசினிலையும்."